பத்துப் பல்லா, பதினொன்றா

எங்கள் தெருவில் லாரிக்காரரை எல்லோரும் ‘தள்ளு அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். காலை ஏழரைக்கு அவர் "தள்ளு" என்று குரல் கொடுத்தால் நான் தையல் மெஷினை விட்டு எழுந்து போக வேண்டும். எதிர்வீட்டு வெல்டர் பல் தேய்த்துக்கொண்டே வருவார். மாவு மில்காரரும் அவர் தம்பியும் வருவார்கள். நாலு பேரும் தோள் கொடுத்துத் தெருச் சரிவு வரை நகர்த்திவிட்டால் மீதியை லாரியே பார்த்துக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் கியரைப் போட்டு கிளட்சை விடுவார். அது இரண்டு முறை இருமி, கரும்புகையை எங்கள் முகத்தில் அடித்துவிட்டுக் கிளம்பும். ஸ்டார்ட்டர் மோட்டார் செத்து நாலு மாதமாகியிருந்தது. பகல் முழுக்க எஞ்சினை அணைக்கவே மாட்டார்.

கிளம்பிய லாரி உடனே போகாது. பிரேக்குக்குக் காற்று ஏறப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு பிளாஸ்கை எடுப்பார். ஐந்து டம்ளர். டீ என்ற பெயரில் வெந்நீர்தான், ஆனால் பேச்சு நன்றாக இருக்கும். மனைவி போய் ஆறு வருஷம். மகன் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை போனில் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பதோடு சரி. ஏற்றுகிற செங்கலோடா பேச முடியும்? ஒரு நாள் பேச்சையும் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டிவிடுவார்.

ஒரு நாள் தள்ளும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். புது மோட்டார் வாங்காமல் எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவீர்கள் என்று தெருவில் வைத்தே கத்தினேன். அண்ணனுக்கு எதையும் தள்ளித்தான் பழக்கம் என்று வெல்டர் வேறு எடுத்துக்கொடுத்தார். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. மூன்று முறை கடைக்குப் போனதாகவும், மோட்டாரின் பல்சக்கரத்தில் பல் ஒத்துவரவில்லை என்றும் சொன்னார். நான் விடவில்லை. அன்று மாலையே பழைய மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, அவரை இழுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அவரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். இரண்டு மோட்டார்களை மேஜையில் வைத்தார். ஒன்று பழையதைப் போலவே நீளமும் கனமும். மற்றது உள்ளே கியர் வைத்த சின்ன வகை, பாதி எடைதான். பேட்டரியை அவ்வளவாக உறிஞ்சாது, வயசான வண்டிக்கு இதுதான் நல்லது என்றார். இருபத்துநாலு வோல்ட், சுற்றும் திசை, போல்ட் துளை எல்லாம் சரி. எஞ்சினின் ஃபிளைவீல் சக்கரத்தில் போய்க் கடிக்கும் பல் மட்டும் ஒத்துப்போக வேண்டும். பழையதில் பதினொரு பல்.

தள்ளு அண்ணன் சின்ன மோட்டாரின் பல்லை எண்ணினார். "பத்துதான் இருக்கு."

நான் எண்ணினேன். பதினொன்று. மறுபடி அவர் எண்ணினார், பத்து. கடைக்காரர் என் காதருகே வந்து, "மூணு தடவையும் இதே மோட்டார்தாங்க. மூணு தடவையும் பத்துன்னு வெச்சிட்டுப் போயிட்டாரு" என்றார். வட்டமானதை எண்ணுகிறவர்கள் முதல் பல்லில் சாக்குக்கட்டியால் ஒரு குறி போடுவார்கள். முப்பது வருஷம் லாரியோடு கிடந்தவர் குறி போடாமல் எண்ணுகிறார். பாவம், கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். நானே குறி போட்டு, அவர் விரலைப் பிடித்து ஒவ்வொரு பல்லாக வைத்து எண்ணினேன். பதினொன்றில் விரல் நின்றது. அவர் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சட்டென்று எடுத்தது. நாங்கள் நாலு பேரும் கைதட்டினோம். அதற்கடுத்த நாளிலிருந்து ஏழரை மணிக்கு நான் மெஷினை விட்டு எழவில்லை. மற்றவர்களும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் லாரி எடுக்கும் சத்தம் கேட்டது. உடனே அணைந்தது. மறுபடி எடுத்தது, அணைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. ஜன்னலைத் திறந்தேன்.

"என்னண்ணே, எடுக்கலையா?"

"எடுக்குது தம்பி. தொட்டாலே எடுக்குது."

"அப்புறம் ஏன் அணைச்சு அணைச்சு எடுக்குறீங்க?"

அவர் படிப்பக்கம் பார்த்தார். லாரிப் படியில் பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் ஐந்து டம்ளர். கடையில் அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. இறங்கிப் போயிருக்கலாம். போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"பாத்துப் போங்கண்ணே" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன். அன்று எனக்கு அவசர வேலை எதுவும் இருக்கவில்லை.