நாலு ஓம் ஆம்ப்ளிஃபயரும் நான் நடத்தின பாடமும்

இன்னைக்கு திருமயத்துல எங்க காருக்கு இன்னொரு ஸ்பீக்கர் மாட்டினோம். கடை வச்சிருக்கிற செல்வம் என்கிட்ட பத்தாவது படிச்சவன்.

சத்தம் அபாரம். வீட்டுக்காரர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

மூணு பாட்டு ஓடினதும் சீட்டுக்கு அடியில இருந்த ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பாத்தேன். தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. பாட்டை நிறுத்திட்டு செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"மின்தடை நாலு ஓமுக்குக் கீழ போகக் கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்கேப்பா. நாலு ஓம் ஸ்பீக்கர் ரெண்டை பக்க இணைப்புல கொடுத்தா ரெண்டு ஓம்தானே வரும்?"

"அதுக்குத்தான் டீச்சர் கொடுத்தேன். ஓம் கொறைஞ்சா கரண்ட் கூட இழுக்கும், பவர் கூட வரும். நீங்க நடத்துனதுதான்."

நடத்தினது நான்தான்.

"கரண்ட் கூடினா சூடும் ஏறும்னு மறுநாள் நடத்தினேனே?"

"அன்னைக்கு எங்க ஊர்ல மஞ்சுவிரட்டு டீச்சர். நான் வரலீங்க."

புது ஸ்பீக்கரைக் கழட்டச் சொல்லிட்டேன். வீட்டுக்காரர் இன்னும் என்கிட்ட பேசலை.

எனக்கு இப்ப கவலை அது இல்லை. அன்னைக்கு வகுப்புல பாதி பெஞ்ச் காலி. அந்தப் பாதிப் பேரும் இப்ப எங்கெங்க வயர் இழுத்துக்கிட்டு இருக்காங்களோ.

இதைப் படிச்சா கமெண்ட்ல பேரைச் சொல்லுங்கப்பா. திட்ட மாட்டேன்.