ஓர் எச்சரிக்கை, நாற்பது பிழைகள்

வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, செந்தாமரை இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னார். ஒரகடத்தில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

என் கணவர் மறைந்த பிறகு, இயந்திரங்கள் செய்து விற்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆங்கிலக் கையேடுகளைத் திருத்தச் சேர்ந்தேன். கான்வென்ட்டில் படித்தவள், ஒரு கமாவைக்கூட விடமாட்டேன். செந்தாமரை இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதினாள். அதைக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் கம்பைலர், கோளாறு கண்டால் வரி எண்ணோடு ஒரு செய்தி தரும். தகட்டை வளைக்கும் பிரஸ்ஸின் புரோகிராமில் எப்போதும் ஒரே ஓர் எச்சரிக்கைதான்: குறிப்புக்குள் இன்னொரு குறிப்பு தொடங்குகிறது. பிரஸ் ஓடியது, யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஆங்கிலம் புரிந்தது, செய்தி புரியவில்லை. அவளிடம் கேட்டேன்.

அன்றுதான் அவளும் உற்றுப் பார்த்தாள். மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் குறிப்புகளைக் கம்பைலர் தாண்டிவிடும். ஒரு குறிப்பை முடிக்கும் குறியை யாரோ போடாமல் விட்டதால், அடுத்த குறிப்பு முடியும்வரை இருந்த வரிகளையும் அது தாண்டியிருக்கிறது. பாதுகாப்புக் கதவு திறந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் வரிகள் அவை.

குறியைப் போட்டாள். நாற்பதுக்கு மேல் பிழைகள் வந்தன. மறுநாள் பிரஸ்ஸைப் பார்க்க வாடிக்கையாளர் வருகிறார். பழையதையே போடும்படி மேலாளர் சத்தம் போட்டார். ஒன்று நாற்பதானதுதான் அவருக்குத் தெரிந்தது.

செந்தாமரை நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை. "சார், இத்தினி நாளா கம்பைலர் வாசல்லயே திரும்பிப் போயிகினு இருந்துச்சு. இன்னிக்குத்தான் வூட்டுக்குள்ள வந்து பாக்குது. பழசயே போடணும்னா சொல்லுங்க, போடறேன். நீங்க கைய உள்ள வச்சுக் காட்டுங்க."

அவர் போய்விட்டார். நான் பிழைச் செய்திகளை வரிசையாகப் படிக்கத் தொடங்கினேன். "மேல கீற மொத பிழைய மட்டும் படிங்க மேடம். மத்ததெல்லாம் அதோட அழுகை," என்றாள். கதவு திறந்ததை அறியும் சென்சாரின் பெயரைப் புரோகிராமில் பிற்பாடு மாற்றியிருந்தார்கள்; படிக்கப்படாத வரிகளில் பழைய பெயரே கிடந்தது. அதைச் சரிசெய்ததும் பெரும்பாலானவை மறைந்தன. மிச்சத்தை மாலைக்குள் முடித்தாள்.

பிரஸ்ஸை ஓட்டுபவர் ஓடும்போதே கதவைத் திறந்தார். அது பாதியில் நின்றது. "இன்னாக்கா, அப்போ இத்தினி நாளா இது நின்னுருக்காதா?" என்றார். அடுத்த வாரம் முழுவதும் செந்தாமரை, அதே புரோகிராமோடு முன்பே விற்ற இயந்திரங்களைத் தேடி மறைமலை நகர் வரை அலைந்தாள்.

எதிலும் குறையே தெரியாதபோது, முழுவதையும் படித்தோமா என்று இப்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அவளிடமிருந்து என்னோடு இருப்பது இந்தக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் அவளைக் குறையற்றவள் என்று யாரும் பேச வேண்டாம். நேரத்துக்கு வந்ததில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வாள். என் ஆங்கில உச்சரிப்பை எல்லோர் முன்னும் நடித்துக் காட்டுவாள். அதையும் சொல்லுங்கள்.