பெண்டிகோ வழியில் ஒரு குழந்தைச் சப்பாத்து

சீனப் பெண்களின் கட்டப்பட்ட பாதங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்கள் அணிந்த சப்பாத்துகளைக் கண்ணால் கண்டதில்லை. பாத மருத்துவராக வேலை செய்யும் எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. இந்த ஈஸ்டர் விடுமுறையில் கணவர் ரமணனையும் இழுத்துக்கொண்டு, நாங்கள் வசிக்கும் மல்கிரேவிலிருந்து பெண்டிகோவுக்குப் புறப்பட்டேன். சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தேடிச் சீனர்கள் வந்து குடியேறிய ஊர் அது.

அங்குள்ள சீன அருங்காட்சியகத்தில் பார்த்தவை உள்ளங்கையில் அடங்கும் பட்டுச் சப்பாத்துகள். ஐந்தாறு வயதுச் சிறுமியின் நான்கு கால்விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டியது பெரும்பாலும் பெற்ற தாய்தான். கட்டாவிட்டால் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடக்காது என்ற பயம். அப்படி எலும்பு ஒடிந்த பாதம் பாரத்தைக் குதிக்காலில் போட்டுத்தான் நடக்கும்.

திரும்பும் வழியில் தேநீருக்காக ஒரு சிற்றூரில் நிறுத்தினோம். பக்கத்திலேயே ஊர்க்காரர்கள் நடத்தும் சிறிய அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டியில் கூர்முனையோடு ஒற்றைப் பட்டுச் சப்பாத்து இருந்தது. ‘சீன வியாபாரி பரிசளித்த குழந்தைச் சப்பாத்து. நடை பழகுமுன்பே குழந்தை இறந்துவிட்டது’ என்றது அட்டை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. குதிப் பக்கம் தேய்ந்து, ஒட்டுப் போட்டிருந்தது. நடை பழகாத குழந்தையின் சப்பாத்து எப்படித் தேயும்?

“உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம். வாரும், போவம்,” என்றார் ரமணன்.

நான் போகவில்லை. வாசல் மேசைக்குப் பின்னால் இருந்த ஹெதர் என்ற தொண்டரிடம், அது குழந்தையினுடையதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுபது வயதிருக்கும், நீலக் கண்கள். அவர் முகம் இறுகிவிட்டது.

“நீங்கள் பழம்பொருள் வியாபாரியா? போன மாதமும் ஒருவர் விலை பேச வந்தார். அது எங்கள் குடும்பத்துப் பொருள்.”

நான் என் தொழிலைச் சொன்னேன். பெண்டிகோவில் எடுத்த சப்பாத்துப் படங்களையும் கைப்பேசியில் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பெட்டியைத் திறந்து, சப்பாத்துக்குள் தானே விரலை விட்டார். உள்ளே குதி ஆழமாகப் பதிந்திருந்தது. முனையில் பெருவிரலின் குழி.

“இது வளர்ந்த பெண்ணின் காலா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

“என் அம்மா வருடந்தோறும் அந்தக் குழந்தைக்கென்று பூ வைப்பார். கல்லறை எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்,” என்றார். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தபடி, “அம்மாவுடைய பாட்டியின் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. நான் ஏன் என்று கேட்டதே இல்லை.”

ரமணன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். ஹெதர் அதில் உட்கார்ந்து சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் விடைபெறும்போது அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

அது அவருடைய பூட்டியின், அதாவது அம்மாவின் பாட்டியின், சப்பாத்து என்றோ அந்தப் பூட்டி ஒரு சீனப் பெண் என்றோ நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கோ வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் இல்லாத ஒரு குழந்தையை ஒரு குடும்பம் இவ்வளவு காலம் காப்பாற்றியது எதை மறைக்க என்ற கேள்வி வீடு வரைக்கும் என்னை விடவில்லை.

போக விரும்புவோருக்கு: இப்படியான சிற்றூர் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் வார இறுதியில் மட்டுமே திறந்திருக்கும். கட்டணம் நன்கொடைதான், சில்லறை கொண்டு போங்கள். பொருளைப் பார்த்த பிறகு அட்டையைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். ஆனால் மெதுவாகக் கேளுங்கள். பதில் சொல்பவரின் வீட்டுக் கதையாக அது இருக்கக்கூடும்.