பப்பில் எழுந்து நின்றேன்

என் மகள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். போன மழைக்காலத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த வாகட் பக்கம் ஒரு பப்பில் பாட அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பாடிக் காட்ட வேண்டும். வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டால் எல்லா வெள்ளிக்கிழமையும் அவளுக்கு; இல்லையென்றால் அன்றோடு சரி. நாற்பது வயதுக்கு மேல் வந்த ஆசை. அதற்காக வெந்நீரைத் தவிர வேறு எதையும் தொண்டைக்குள் விடாமல் கிடந்தாள்.

"நானும் வாரேன்" என்றேன்.

"எம்மா, அது பப்பு. எல்லாரும் குடிச்சிட்டு இருப்பாங்க."

"உங்கப்பா மாசாமாசம் மிலிட்டரி கேன்டீன் ரம்மு கொண்டாந்தவருதான? ஏட்டி, நான் பாக்காத பாட்டிலா?"

"வந்தா பேசாம இருக்கணும். என் மவதான் பாடுதான்னு மேசை மேசையா போய் சொல்லக்கூடாது" என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டேன். தாபோடியில் எங்கள் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் போனோம்.

இடம் எனக்குப் பிடித்துப்போயிற்று, அதை மறைப்பானேன்? மஞ்சள் விளக்கு, வெங்காயம் தூவிய மசாலாக் கடலை, ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்து சிரிக்கிற பிள்ளைகள். மெனு முழுக்க இங்கிலீஷ். நான் பைபிளையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அதைப் பரிமாற வந்த பையனிடம் ஏன் சொல்ல வேண்டும்? பக்கத்து மேசைப் பெண் குடித்துக்கொண்டிருந்ததைக் காட்டினேன். சோடாவில் எலுமிச்சையும் புதினாவும் போட்டது வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

மூலையில் கொஞ்சம் உயரமாக ஒரு பலகை, அதுதான் மேடை. கீபோர்டுக்காரர் உட்கார்ந்தார், மகள் மைக்கைப் பிடித்தாள். ஒருவரும் திரும்பவில்லை. அப்படி ஒரு கூச்சல். கல்லாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மானேஜர் அவளைப் பார்க்கவே இல்லை, மேசைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டில் பாட்டின் முதல் அடி மட்டும் மெதுவாக வந்தது. எங்கள் சர்ச்சிலும் இப்படித்தான். ஆர்கனில் முதல் அடி வாசித்ததும் சபை முழுக்க எழுந்துவிடும். பிரசங்கத்துக்கு உட்காருவோம், பாட்டுக்கு நிற்போம். சிறுபிள்ளையிலிருந்து வந்த பழக்கம். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

நின்ற பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பெரிய ஹாலில் நான் ஒருத்திதான் எழுந்து நிற்கிறேன் என்று. உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எழுந்தவள் பாட்டு முடியாமல் உட்காருவதா? கையைக் கோத்துக்கொண்டு நேராக நின்றேன்.

"ஆண்ட்டி, க்யா ஹுவா?" என்று, எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்துப் பக்கத்து மேசைப் பெண் பதறினாள். பாட்டு நடக்கிறது, கேளு என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவளோடு வந்தவன், "இது என்ன தேசிய கீதமா ஆண்ட்டி?" என்று சிரித்தான். அவள் அவன் கையில் ஒன்று போட்டு, நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒவ்வொரு மேசையாகத் திரும்பிற்று. முதலில் என்னைப் பார்த்தார்கள். முக்காடு போட்ட கிழவி எதைத்தான் பார்க்கிறாள் என்று பிறகு அங்கே பார்த்தார்கள். மகளும் என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அடியில் குரல் நடுங்கிற்று. மூன்றாவது அடியில் தானாகச் சரியாயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பழைய இந்திப் பாட்டை அவள் இழுத்த இழுப்புக்குக் கடலை கொறிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் இறங்கி என்னிடம் வந்தாள்.

"எம்மா, என்ன காரியம் பண்ணிட்ட! முக்காடு வேற!"

"நான் யார்கிட்டயாவது போய் ஏதும் சொன்னனா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மானேஜர் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், இனி இது உங்கள் நாள் என்றார். என்னையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மகள் என் கிளாசை எடுத்து ஒரே மடக்கில் காலி செய்தாள். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"அடுத்தது வேகமான பாட்டு. நீ பாட்டுக்கு ஆடிராத, கேட்டியா?"

ஆடவில்லை. கால்தான் தாளம் போட்டது. அது மேசைக்கு அடியில்தானே.