அலமாரிக்குள் பாதிப் பாட்டு

சீனாவின் ஷென்யாங் நகரில், எங்கள் மூன்றாம் மாடியில், என் எதிர் வீட்டுக்காரி குய்ஜென். கேபிள் ஆலையின் உணவுக்கூடத்தில் ஆயுளெல்லாம் காய் நறுக்கியவள். இரண்டு கையிலும் வெட்டுக்கத்தி பிடித்து அவள் முட்டைக்கோஸ் கொத்தினால் சுவர் அதிரும். நல்ல மனுஷி, ஆனால் பொறாமைக்காரி. அதை அவளே மறைப்பதில்லை, நான் ஏன் மறைக்க வேண்டும்?

கணவர் பாவ்தியென் அதே ஆலையில் கிரேன் ஓட்டியவர். வாயில் கொழுக்கட்டை ரகம். ஓய்வு பெற்றதும் மகள் ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒரு பாட்டுச் செயலி. ஜோடிப் பாட்டில் ஆண் பாதியை மட்டும் பாடிப் பதிவு செய்து விட்டால், எங்கோ இருக்கும் ஒரு பெண் மீதியைப் பாடிச் சேர்ப்பாள். செயலி மதிப்பெண் போடும். எதிரொலி கேட்காமலிருக்க மனிதர் துணி அலமாரிக்குள், ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார்.

மீதியை எப்போதும் ஒருத்தியே பாடினாள். செயலியில் அவள் பெயர் 'தெற்கு நிலா'. குய்ஜெனுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு ஒரு வரி பாட வராது.

"உப்பு கம்மின்னு எங்கிட்ட சொல்றதுக்கே நாள் பாக்குற ஆளுடி! அவகிட்ட அன்பேன்னு உருகுறான். அலமாரி என்னோடது, ரஜாய் நான் தச்சது, பாட்டு மட்டும் அவளுக்கா?"

"வெறும் பாட்டுதானேக்கா?"

"உன் புருஷன் பாடட்டும், அப்பத் தெரியும்."

கணவரின் அந்தக் குரலில் தனக்கென்று எதுவுமே இல்லையோ என்பதுதான் அவள் பயம். என்னிடம் சொல்லி ஒருமுறை அழவும் செய்தாள்.

அழுது முடித்து, பாட்டைக் கெடுக்க வழி பார்த்தாள். அலமாரியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அவர் உள்ளே போனதும் இவள் கோஸ் கொத்த ஆரம்பிப்பாள். கொத்தியதை என்ன செய்வது? கறி சேர்த்துக் கொழுக்கட்டைதான். மாடி முழுக்கத் தட்டுத் தட்டாகப் போயிற்று. நானே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். ஆனால் அவருடைய மதிப்பெண் இறங்கவில்லை, ஏறியது. போதாக்குறைக்கு மனிதரே சந்தையிலிருந்து கோஸ் மூட்டை தூக்கி வந்து சமையலறையில் வைத்தார்.

"பாத்தியா நக்கல!" என்று கொதித்தாள் குய்ஜென்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அலமாரிக்குள் போனதும், கொத்தாமல் கத்தியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள்.

"உன் போன்லயும் அந்தச் செயலி இருக்கில்ல? அவன் பாட்டை எடு. பாட்டுக்குக் கீழ ரெண்டு பேரும் என்ன எழுதிக் கொஞ்சுறாங்கன்னு படி."

எடுத்துப் படித்தேன். தெற்கு நிலா எழுதியிருந்தாள்: "அண்ணா, உங்க பாட்டுக்குப் பின்னால ஏதோ கட்டைச் சத்தம் கேக்குது. நிறுத்தச் சொல்லுங்களேன்."

அதற்கு அவர்: "அது என் வீட்டுக்காரி. அவ கொத்துற தாளத்துலதான் நான் பாடுறேன். தொந்தரவுன்னா நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

இனி குய்ஜென் உருகிவிடுவாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். முகம் மிளகாயாய்ச் சிவந்திருந்தது.

"இதை அவகிட்ட சொல்லியிருக்கான்! இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவ சொன்னானா?"

விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அலமாரிக்குள்ளிருந்து பாட்டே கேட்கவில்லை. கத்திப்பிடியால் கதவைத் தட்டினாள். திறந்தது. வேர்த்து விறுவிறுத்து, போனைப் பிடித்தபடி பாவ்தியென் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா பாடல?"

"நீ கொத்தலையே."

"அவகிட்ட எழுதினியே, அதை எங்கிட்ட சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார், ரஜாயைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "நீ கொத்தாட்டி எனக்குப் பாட வராது."

குய்ஜென் போனை எட்டிப் பார்த்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தமாச் சொல்லுய்யா," என்றாள். "அவளுக்கும் கேக்கட்டும்."