நாற்பத்திரண்டு அக்கா

சுகாதார அலுவலகத்தில் இறப்புப் படிவங்களைச் சரிபார்க்கிறவளின் சொந்தப் பெயரை எல்லாரும் மறந்து பல காலமாயிற்று. 'நாற்பத்திரண்டு அக்கா' என்றால்தான் தெரியும். பிள்ளை பெற்ற நாற்பத்திரண்டு நாளுக்குள் அதனால் நோயுற்று இறந்தவளைப் பிரசவ மரணத்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. இளவயதுப் பெண் யார் இறந்தாலும் அக்கா முதலில் கேட்பது, "வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"அக்கா வர்றாங்க, தொட்டிலை ஒளிச்சு வைங்க!" என்பார் தட்டச்சர். அவளும் சிரித்து வைப்பாள். மதியத்தில் அவள் எதிரே யாரும் டப்பாவைத் திறப்பதில்லை. சாவுக் காகிதத்தோடு சாப்பாடு இறங்காதாம்.

பத்து வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்தில் ஆண்டுக்கு முப்பத்தொன்றாக இருந்த பிரசவ மரணம், அவசர வண்டியும் ரத்தமும் நேரத்துக்குக் கிடைக்கக் கிடைக்கக் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஆண்டு, அந்தக் கணக்கை எழுதும் அலுவலக வாசல் பலகையில் பூஜ்யம். ஆண்டு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு படிவம் வந்தது. வயது இருபத்து மூன்று. காரணம், காய்ச்சல். 'இறக்கும்போது கர்ப்பிணியா?' என்ற கட்டத்தில் 'இல்லை'.

அக்கா, இறந்தவளின் கணவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"தம்பி, வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

குழந்தையின் அழுகுரல்தான் முதலில் பதில் சொன்னது.

"பெத்த மூணாம் நாள் காய்ச்சல் வந்துச்சுங்க. பதினோராம் நாள் போயிட்டா. கர்ப்பிணியான்னு கேட்டிருந்துச்சு, அதான் பெத்துட்டாளேன்னு இல்லைன்னு போட்டேன். தப்பாங்க?"

"உங்க மேல தப்பில்லப்பா."

அவள் படிவத்தைக் கொண்டுபோய் வைத்ததும் அலுவலக அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்கணுமா? புருஷனே இல்லைன்னு எழுதிட்டான். உனக்கென்ன வந்துச்சு?"

"எங்கம்மா காகிதத்துலயும் காய்ச்சல்னுதான் சார் இருக்கு. அப்ப எனக்கு ஒன்பது நாள்."

அவர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "நீயே எழுதி, நீயே கையெழுத்துப் போட்டுக்க. மேல கேட்டா என்னை இழுக்காத."

'இல்லை'யை அவள் அடிக்கவில்லை. அது பொய்யில்லையே. பக்கத்தில், 'பிரசவமாகிப் பதினோராம் நாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காவலாளி ஏணி போட்டுப் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டார். உள்ளே வந்தவர்கள் பலகையை அண்ணாந்து பார்த்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. தட்டச்சர்கூடத் தொட்டில் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கிண்டல் இல்லாமல் அவளுக்குக் காது அடைத்தாற்போல் இருந்தது.

மதியம் ஜன்னலோரம் டப்பாவைத் திறந்தாள். வெளியே பலகையில் அந்த 'ஒன்று' கொஞ்சம் சாய்ந்திருந்தது. சொல்லலாமென்று வாயெடுப்பதற்குள் காவலாளி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.