மரியாதையாக எழுதிய குற்றம்

ஓரகடம் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது, ஃபங்ஷனல் புரோகிராமிங் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது என்றார்கள். பதிலாக, யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஓபன் சோர்ஸ் புராஜெக்ட் ஏதாவது ஒன்றை நடத்துபவர் நம் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கவில்லை என்றால் அரியர். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவுக்குள் விடமாட்டார்கள்.

‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று லேபிள் ஒட்டிய வேலைகளாகவே தேடினேன். திறந்தால், வருஷக்கணக்காய் அனுபவமுள்ளவர்கள் மோனாட் என்ற ஒரு கருத்தை வைத்துப் பக்கம் பக்கமாக அடித்துக்கொள்கிறார்கள். இது எந்தப் புதியவருக்கு ஏற்றது என்று லேபிள் ஒட்டியவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கடைசியில் பஸ் நேரங்களை அடுக்கிக் காட்டும் ஒரு சின்ன நிரல் கிடைத்தது. பட்டியல் காலியாக இருந்தாலும் அதன் முதல் உறுப்பைக் கேட்டு, கிடைக்காமல் நின்றுவிடுகிறது. எனக்கே புரிந்துவிட்டது! காலிப் பட்டியலுக்குத் தனியாக ஒரு வரியும், அது வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட்டும் எழுதினேன். கூடவே இங்கிலீஷில் ஒரு குறிப்பு. பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய இங்கிலீஷ் அது: மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள.

மறுநாள் காலை படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, அந்த புராஜெக்டை நடத்துபவரிடமிருந்து பதில் வந்தது. “இது மிஷின் எழுதியது. எந்த மனிதரும் இப்படி எழுதுவதில்லை. மூடுகிறேன்.” நிரலைப் படித்ததாக ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது?” என்றாள் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி. போனை நீட்டினேன். படித்ததும் அவளுக்கும் சுர்ரென்று ஏறியது.

“ஐயான்னு மரியாதையா எழுதுனா மிஷினாமா? அப்போ நம்ம ஊர்ல பாதிப் பேரு மிஷின்தான். நறுக்குனு நாலு வார்த்தை கேளுடி!”

கேட்டேன். ஆட்டோவில் நசுங்கிக்கொண்டே தட்டினேன். ஐயா இல்லை, பணிவும் இல்லை. “எழுதியது நான்தான். காலிப் பட்டியல் கொடுத்தால் உங்கள் நிரல் நின்றுபோகிறது. டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்காமல் மூடுவது சோம்பேறித்தனம்.”

மதியத்துக்குள் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: “நன்றி. இப்போதுதான் ஒரு மனிதரோடு பேசுவதுபோல் இருக்கிறது.”

அரியர் தப்பியது. வகுப்பில் கைதட்டினார்கள். நான் அந்த வரிக்கு மேலும் கீழும் ஒரு மன்னிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மரியாதை கொடுத்தால் மிஷின், திட்டினால் மனுஷி. இதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.